வந்திருப்பவர் குடியேற்ற அதிகாரிதானா? அமெரிக்கா செல்லும் வடசென்னைப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர், திருவொற்றியூர் பக்கங்களிலிருந்து மேற்படிப்புக்கோ வேலைக்கோ அமெரிக்கா புறப்படும் பிள்ளைகளின் வீடுகளில், விசா நேர்காணலைப் பற்றிய கவலை தீர்ந்ததும் அடுத்த கவலை தொடங்கிவிடுகிறது. சீருடை இல்லாமல், முகத்தை மூடிக்கொண்டு, எண்பலகையைத் தவிர வேறு அடையாளம் ஏதும் இல்லாத காரில் வந்து ஆட்களை அழைத்துச் செல்லும் காட்சிகள் 2025 முதல் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துகொண்டிருக்கின்றன. வந்தவர் உண்மையான அதிகாரிதானா, அவர் தம்மை யாரென்று சொல்லக் கடமைப்பட்டவரா, சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பவை நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் தெரிந்துகொள்ள விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘நீங்கள் யார்?’, ‘என்னைக் கைது செய்ய உங்களுக்கு அதிகாரம் உண்டா?’, ‘இந்த வீட்டுக்குள் நுழைய உங்களுக்கு அதிகாரம் உண்டா?’ என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். பேட்ஜ் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. பேட்ஜைப் பார்த்த மாத்திரத்தில் மற்ற இரண்டையும் கேட்க மறந்துபோவதுதான் புதிதாகச் சென்றவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம்.

நம் ஊர்ப் பழக்கமும் இதற்கு ஒரு காரணம். மஃப்டியில் வந்த ஒருவர் ‘ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ’ என்றால், புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ அவருடைய பெயரைத் திருப்பிக் கேட்க யாருக்கும் எளிதில் வாய் வராது. ஆனால் ஏட்டில் உள்ள சட்டம் இங்கே தெளிவானது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, கைது செய்ய வரும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவும், பெயரைக் காட்டும் துல்லியமான, கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைக் கட்டாயமாக்குகிறது. அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிக்கான கூட்டாட்சி விதியில் பெயரைச் சொல்லும் கடமை இல்லை. அங்கே எல்லாம் நம்மைவிட ஒழுங்காக இருக்கும் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

முதல் படி: வருபவர் எந்த முகமையைச் சேர்ந்தவர் என்று பிரித்தறியுங்கள்

அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி) என்ற ஒரே குடையின் கீழ் மூன்று முகமைகள் இயங்குகின்றன. ‘ஐஸ்’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்வது குடியேற்ற, சுங்க அமலாக்க முகமையை. இதில் ‘ஈ.ஆர்.ஓ.’ என்ற பிரிவு ஆட்களைப் பிடித்து, காவலில் வைத்து, நாடுகடத்தும் பணியைச் செய்கிறது, ‘எச்.எஸ்.ஐ.’ என்ற பிரிவு குற்றப் புலனாய்வுக்கு உரியது. ‘சி.பி.பி.’ என்பது சுங்க, எல்லைக் காவல் முகமை. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைச் சரிபார்க்கும் கருநீலச் சீருடைக்காரர்களும், பச்சைச் சீருடை அணிந்த எல்லை ரோந்துப் படையினரும் இதைச் சேர்ந்தவர்கள். மூன்றாவதான ‘யு.எஸ்.சி.ஐ.எஸ்.’ விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகம். இதன் மோசடித் தடுப்புப் பிரிவினர் சாதாரண உடையில் வந்து, எச்-1பி என்ற வேலை விசாவில் சென்ற ஊழியர் சொன்ன இடத்தில்தான் சொன்ன வேலையைச் செய்கிறாரா என்று சரிபார்ப்பார்கள்.

ஐஸ் அதிகாரிகளின் மேலங்கியில் பெரிய எழுத்தில் ‘போலீஸ்’ என்றே எழுதியிருக்கலாம். அதைக் கண்டு நகரக் காவல்துறை என்று முடிவு செய்துவிடாதீர்கள். நகரக் காவலர் என்றால் ஊர்ப் பெயரோ மாவட்டப் பெயரோ சேர்ந்திருக்கும். வெறும் ‘போலீஸ்’ என்று மட்டும் இருந்தால் எந்த முகமை என்று கேட்டே ஆக வேண்டும்.

விமான நிலையத்துக்கு விதிகள் வேறு. நாட்டின் நுழைவாயிலில் நிற்கும் அதிகாரி வாரண்ட் இல்லாமலே பெட்டியையும் கைப்பேசியையும் சோதிக்கலாம். அங்கே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. மீனம்பாக்கத்திலிருந்து அபுதாபி வழியாகச் செல்பவர்கள் அமெரிக்க சி.பி.பி. அதிகாரியை அபுதாபி விமான நிலையத்திலேயே சந்திக்க நேரிடும். அமெரிக்கா இன்னும் வரவில்லையே என்று காகிதங்களைச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையில் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: அதிகாரியின் கடமை எது, எது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூட்டாட்சி விதித் தொகுப்பின் 8-ஆம் தலைப்பில் 287.8 என்ற விதி இருக்கிறது. கைது செய்யும் குடியேற்ற அதிகாரி, தாம் கைது செய்ய அதிகாரம் பெற்ற குடியேற்ற அதிகாரி என்பதைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் கைது செய்யப்படுகிறார் என்பதையும் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனால் இவை யாவும் ‘நடைமுறைக்கு ஏற்றதாகவும் பாதுகாப்பாகவும் அமைந்தவுடன்’ செய்யப்பட வேண்டியவை. இந்த ஒரு தொடர் ரப்பர்போல இழுபடக்கூடியது. கைவிலங்கு மாட்டி, காரில் ஏற்றி, நான்கு தெரு தள்ளிச் சென்ற பிறகு சொன்னாலும் ‘அதற்கு முன் பாதுகாப்பாக இல்லை’ என்று வாதிட அது இடம் தருகிறது. போதாக்குறைக்கு, அதே தொகுப்பின் 287.12 விதி, இந்த ஒழுங்குமுறைகள் தனிநபருக்கு எந்த உரிமையையும் உருவாக்குவதில்லை என்றும் சொல்லிவிடுகிறது. ஆகவே, அதிகாரி அடையாளம் சொல்லவில்லை என்பதாலேயே கைது செல்லாததாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

ஐஸ் தரும் விளக்கத்தின்படி அதன் அதிகாரிகள் அனைவரும் பேட்ஜும் அடையாள அட்டையும் வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் பாதுகாப்புக்கோ சட்டத்துக்கோ தேவைப்படும்போது அடையாளம் காட்டுவார்கள். வைத்திருப்பது என்பதும் கண்ணுக்குத் தெரியும்படி அணிவது என்பதும் ஒன்றாகா.

கண்ணுக்குத் தெரியும்படி அணிய வேண்டும் என்று சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் நிறைவேறிய பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் 1064-ஆம் பிரிவின்படி, உள்நாட்டுக் கலவரத்தின்போது பணியில் ஈடுபடுத்தப்படும் கூட்டாட்சிக் காவலர்கள் தம் பெயரையோ தமக்கே உரிய எண்ணையோ, முகமையின் பெயரோடு சேர்த்து அணிய வேண்டும். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவைத் தட்டும் அதிகாரியை இது கட்டுப்படுத்தாது. இதை எல்லா நேரத்துக்கும் விரிவாக்க, 2025 ஜூலையில் செனட்டர்கள் அலெக்ஸ் படியாவும் கோரி புக்கரும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மாநில அளவில் கலிஃபோர்னியா முந்திக்கொண்டது: முகமூடிக்குத் தடை விதிக்கும் சட்டத்திலும், சீருடை இல்லாத அதிகாரி முகமையின் பெயரையும் தம் பெயர் அல்லது பேட்ஜ் எண்ணையும் காட்ட வேண்டும் என்ற சட்டத்திலும் ஆளுநர் கேவின் நியூசம் 2025 செப்டம்பரில் கையெழுத்திட்டார். அவற்றை எதிர்த்து அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி அரசு வழக்குத் தொடுத்தது. இப்படி நீதிமன்றத்துக்குப் போன சட்டம் வாரத்துக்கு வாரம் நிலை மாறக்கூடியது என்பதால், நீங்கள் சேரவிருக்கும் மாநிலத்தில் அன்றைய நிலை என்ன என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: வீட்டு வாசலில்

கதவைத் திறக்காமல் பேசுங்கள். இது மரியாதைக் குறைவு அல்ல. அங்கே இதுதான் வழக்கம். எந்த முகமையிலிருந்து வருகிறீர்கள், பெயரும் பேட்ஜ் எண்ணும் என்ன, நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இருக்கிறதா என்ற மூன்றையும் நிதானமாகக் கேளுங்கள். அடையாள அட்டையை ஜன்னலில் காட்டவும், வாரண்டைக் கதவின் அடியில் செருகவும் சொல்லலாம். பதற்றத்தில் ஆங்கிலம் தடுமாறும். ‘ப்ளீஸ் ஷோ யுவர் ஐடி அட் தி விண்டோ’ என்ற ஒரு வாக்கியத்தையும், ‘ஐ டூ நாட் கன்சென்ட் டு யுவர் என்ட்ரி’ என்ற மற்றொன்றையும் ஊரில் இருக்கும்போதே நாவில் பழக்கிக்கொள்ளுங்கள்.

காகிதம் கைக்கு வந்தால் முதலில் அதன் தலைப்பைப் பாருங்கள். ‘டிபார்ட்மென்ட் ஆஃப் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி’ என்று தலைப்பும், ஓரத்தில் ஐ-200 அல்லது ஐ-205 என்ற படிவ எண்ணும் இருந்தால், அது துறை அதிகாரிகளே தம்மளவில் கையெழுத்திட்டு வழங்கும் நிர்வாக வாரண்ட். ஐ-200 கைதுக்கானது, ஐ-205 நாடுகடத்தல் உத்தரவு ஏற்கெனவே பிறந்துவிட்ட ஒருவரை வெளியேற்றுவதற்கானது. ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்’ என்று தலைப்பிட்டு, ‘ஜட்ஜ்’ அல்லது ‘மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ்’ கையெழுத்திட்டு, உங்கள் வீட்டு முகவரியும் தேதியும் சரியாக இருந்தால் அது நீதிமன்ற வாரண்ட். அதை வைத்து அவர்கள் உள்ளே வரலாம். ‘இமிக்ரேஷன் ஜட்ஜ்’ என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அவர் நீதித் துறை அமைச்சகத்தின் ஊழியர். சுதந்திர நீதிமன்றத்தின் நீதிபதி அல்லர்.

நிர்வாக வாரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதே நெடுங்காலமாக எல்லோரும், ஐஸ் பயிற்சியாளர்கள் உட்பட, ஏற்றுவந்த நிலை. ஆனால் இறுதி நாடுகடத்தல் உத்தரவு உள்ளவரைப் பிடிக்க ஐ-205 படிவத்தைக் கொண்டே கதவை உடைத்து நுழையலாம் என்று 2025 மே மாதத் தேதியிட்ட உள்சுற்றறிக்கை ஒன்று கூறுவது 2026 ஜனவரியில் வெளியே வந்தது. நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு இது முரணானது என்று சட்ட வல்லுநர்கள் பலரும் சொல்கிறார்கள். அது ஒருபுறம் இருக்க, வாசலில் நிற்கும் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: சம்மதம் இல்லை என்பதை வாயால் சொல்லுங்கள்; உடலால் தடுக்காதீர்கள். அதிகாரியைத் தள்ளுவதும் கையைப் பிடிப்பதும் தனிக் குற்றமாகிவிடும். சொன்ன சொல் பின்னர் வழக்கறிஞருக்கு உதவும். தள்ளிய கை எவருக்கும் உதவாது.

நான்கைந்து பேர் சேர்ந்து வாடகை பிரித்து வாழும் மாணவர் வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அறைத்தோழர் ஒருவர் கதவைத் திறந்து ‘வாங்க’ என்று வழிவிட்டு நின்றால் அதுவே சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படலாம். வேறு யாரையோ தேடுவதுபோல ஒரு புகைப்படத்தைக் காட்டிக் கதவைத் திறக்க வைப்பது அவர்கள் கையாளும் உத்திகளில் ஒன்று. எனவே வீட்டில் உள்ள அனைவரும் ஒரே பதிலைச் சொல்வதென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தெருவிலும் காரிலும் வேலையிடத்திலும்

வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு தெருவில் இல்லை. ஒருவர் குடியேற்றச் சட்டத்தை மீறியிருக்கிறார் என்று நம்பக் காரணமும், வாரண்ட் பெறுவதற்குள் அவர் தப்பிவிடக்கூடும் என்ற நிலையும் இருந்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யச் சட்டம் இடமளிக்கிறது. நிறுத்தப்பட்டால் ஓடாதீர்கள். ‘ஆம் ஐ ஃப்ரீ டு கோ?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் அமைதியாக நடந்து விலகுங்கள். இல்லை என்றால் எந்த முகமை, என்ன காரணம் என்று கேளுங்கள். பதில் பேசாமல் இருக்க உரிமை உண்டு. பொய் சொல்ல உரிமை இல்லை, அது கூட்டாட்சிக் குற்றம்.

இங்கே ஒரு கவனம் தேவை. காகிதம் எதையும் காட்டாதே, ஒரு வார்த்தையும் பேசாதே என்று இணையத்தில் உலவும் அறிவுரைகள் ஆவணம் ஏதும் இல்லாமல் அங்கே வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முறையான விசாவில் சென்ற 18 வயது நிறைந்த வெளிநாட்டவர், தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எஃப்-1 என்ற படிப்பு விசாவில் சென்ற மாணவருக்கும் எச்-1பி ஊழியருக்கும் நுழைவின்போது கிடைக்கும் ஐ-94 பதிவே அந்தச் சான்று. அதை அச்சிட்டு, மாணவரானால் கல்லூரி தரும் ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றின் நகலோடு சேர்த்துப் பையில் வைத்திருங்கள். கேட்டவர் அதிகாரிதான் என்று தெரிந்தபின் அதைக் காட்டுவதே உங்களுக்கு நல்லது.

வேலையிடத்துக்கு யு.எஸ்.சி.ஐ.எஸ். அலுவலர் வந்தால் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைக் குறித்துக்கொண்டு, மேலாளரை அழையுங்கள். அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு முடித்தவருக்குக் கிடைக்கும் ‘ஸ்டெம் ஓ.பி.டி.’ என்ற பயிற்சி வேலை அனுமதியில் வேலை செய்யும் மாணவரின் நிறுவனத்துக்கு வரும் ஆய்வாளர்கள் பொதுவாக 48 மணி நேரம் முன்னதாகத் தகவல் தருவார்கள்; புகாரின் பேரில் வந்தால் அதுவும் இருக்காது.

ஐந்தாம் படி: பெயரைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்

அதிகாரியின் பெயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் பெயரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. தமிழர்களுக்கு இங்கேதான் உண்மையான தொல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதும் வழக்கத்தால், நம் கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராக ஏறி, முதல் பெயருக்குரிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்ற மூன்றெழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பது அதற்குப் பொருள். கல்லூரி அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரியும், விசாவில் இன்னொரு மாதிரியும் பெயர் இருந்தால், தெருவில் நிறுத்திய அதிகாரி தம் கையிலுள்ள கருவியில் தேடும்போது குழப்பம் வரும்.

காவலில் வைக்கப்பட்டவரைத் தேட ஐஸ் ஒரு இணையவழித் தேடல் வசதியை வைத்திருக்கிறது. வெளிநாட்டவருக்குக் குடியேற்றத் துறை தரும் பதிவு எண்ணான ஏ-எண் தெரிந்தால் அதையும் பிறந்த நாட்டையும் இட்டுத் தேடலாம். தெரியாவிட்டால் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். எஃப்-1 மாணவருக்குப் பெரும்பாலும் ஏ-எண் இருக்காது; ஓ.பி.டி. வேலை அனுமதி அட்டை வாங்கியிருந்தால் அதில் இருக்கும். எனவே வீட்டார் இங்கிருந்து தேடும்போது, விசாவில் உள்ளபடி முழுப் பெயரைக் கடைசிப் பெயராகவும் ‘எஃப்.என்.யு.’ என்பதை முதல் பெயராகவும் இட்டு ஒருமுறையும், பெயரைப் பிரித்து இட்டு மறுமுறையும் தேட வேண்டும்.

புறப்படும் முன் விசாப் பக்கம், ஐ-20, கல்லூரி வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் எண், அறைத்தோழர் இருவரின் எண், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரின் எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். அங்கு போய்ச் சேர்ந்ததும் கிடைக்கும் ஐ-94 எண்ணைப் பின்னர் தொலைபேசியில் சொல்லி அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் கைப்பேசியில் பி.டி.எஃப்.பாக அனுப்பியதோடு நின்றுவிட்டால், தேவைப்படும் நள்ளிரவில் அது நானூறு காலை வணக்கப் படங்களுக்குக் கீழே கிடக்கும்.

ஆறாம் படி: வீட்டாருக்கு

‘அமெரிக்க இமிக்ரேஷன் அதிகாரி பேசுகிறேன், உங்கள் மகனைப் பிடித்து வைத்திருக்கிறோம், உடனே பணம் அனுப்பினால் விட்டுவிடுவோம்’ என்று அழைப்பு வந்தால், அது மோசடி என்றே கொள்ளுங்கள். பெயர், பேட்ஜ் எண், துறைச் சின்னம் பொறித்த கடிதம் என எதைக் காட்டினாலும் தொலைபேசியில் அதற்கு மதிப்பில்லை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இங்கே நடக்கும் ஏமாற்றின் வெளிநாட்டு வடிவம்தான் இது. அமெரிக்காவில் குடியேற்றக் காவலில் இருப்பவருக்குப் பிணை அனுமதிக்கப்பட்டால் அதன் குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர். அதை அங்கே சட்டப்படி வாழும் ஒருவர் அதற்குரிய முறையில் கட்ட வேண்டும். கிஃப்ட் கார்டிலோ யுபிஐயிலோ யாரும் பிணை வாங்குவதில்லை. அழைப்பைத் துண்டித்து, பிள்ளையின் எண்ணுக்கும் அறைத்தோழர் எண்ணுக்கும் அழையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பிள்ளை உண்மையிலேயே பிடிபட்டிருந்தால், முதல் பேருந்தைப் பிடித்து ஜெமினி பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு ஓட வேண்டாம். அது விசா வழங்கவும் அமெரிக்கக் குடிமக்களுக்கு உதவவும் உள்ள அலுவலகம். நீங்கள் அணுக வேண்டியது அமெரிக்காவில் உள்ள இந்தியத் தூதரகத்தை: வாஷிங்டனில் தூதரகமும் நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் உள்ளிட்ட நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன. இந்திய வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்திலும் புகார் பதியலாம். சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்தையும் நாடலாம். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, பிடிபட்டவர் கேட்டுக்கொண்டால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும். இந்தியர் விஷயத்தில் கேட்டால்தான் இது நடக்கும். அதனால் பிள்ளைகள் வாய்திறந்து கேட்க வேண்டும். குடியேற்ற வழக்கில் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் அரசு செலவில் கிடையாது. அவர் வந்து பார்க்கும்வரை, தானாகவே நாட்டைவிட்டு வெளியேறச் சம்மதிக்கும் தாள் உட்பட எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

ஏழாம் படி: போலி என்று ஐயம் எழுந்தால்

கூட்டாட்சி அதிகாரிபோல நடிப்பது அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். முகமூடியும் ‘போலீஸ்’ என்ற மேலங்கியும் கடையில் கிடைப்பவை என்பதால், அடையாளம் காட்ட மறுக்கும் ஒருவர் மீது ஐயம் கொள்வதில் தவறில்லை. வீட்டுக்குள் இருந்தால் கதவைத் திறக்காமல் அவசர உதவி எண் 911-ஐ அழைத்து, தங்களை அதிகாரிகள் என்று சொல்பவர்கள் வாசலில் நிற்கிறார்கள், அடையாளம் காட்டவில்லை, சரிபார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பணமோ கைப்பேசியோ கேட்பவரும், அருகில் மற்றவர் வந்ததும் நழுவுபவரும், எந்த முகமை என்ற கேள்விக்கு இருவேறு பதில் சொல்பவரும் ஐயத்துக்குரியவர்கள். தெருவில் சூழப்பட்டுவிட்டால் சரிபார்க்க நேரம் இருக்காது. அப்போது உரத்த குரலில் உங்கள் முழுப் பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் சுற்றியிருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் என்றால் தள்ளி நின்று படம் எடுக்கலாம். பொது இடத்தில் இது பொதுவாக அனுமதிக்கப்பட்டது, குறுக்கே போகக் கூடாது. முகத்தைவிட மேலங்கியின் எழுத்துகள், இடுப்பிலோ கழுத்திலோ தொங்கும் பேட்ஜ், காரின் எண்பலகை ஆகியவை பதிவாகட்டும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எந்தக் காகிதத்தைக் காட்டினார்கள், எந்தத் திசையில் போனார்கள் என்பதை அன்றே தேதியும் நேரமும் இட்டு எழுதி, ஒரு பிரதியை வழக்கறிஞருக்கும் இன்னொன்றை வீட்டுக்கும் அனுப்புங்கள். அதிகாரியின் நடத்தை பற்றிப் புகார் சொல்ல உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கென்றே தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்று இருக்கிறது; அந்தப் புகாரை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அனுப்புங்கள்.